இயந்திரவியல் முதலாண்டு சேரும் மகளுக்கு மடிக்கணினி: எதைப் பார்த்து வாங்குவது?

கோவில்பட்டிக்காரர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் மகள் பொறியியல் கலந்தாய்வில் இயந்திரவியல் பிரிவில் இடம் பெற்று, கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் சேரவிருக்கிறாள். விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் பொறியியல் படிக்கப் போகும் முதல் ஆள் அவள்தான் என்பதால், இதைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் யாரும் இல்லை. நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருக்கிறேன். அலுவலகக் கணினியில் கணக்கு ஏற்றத் தெரியுமே தவிர, கணினியைப் பார்த்து வாங்கத் தெரியாது.

கல்லூரியிலிருந்து வந்த சேர்க்கைக் கடிதத்தோடு ஒரு தாளை இணைத்திருந்தார்கள். ‘மாணவர்கள் ஐ7 செயலி, 16 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள மடிக்கணினியைக் கொண்டுவருவது நல்லது’ என்று எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக அதில் ஒரே வரிதான் இருக்கிறது. அந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு திருநெல்வேலியில் இரண்டு கடைகள் ஏறி இறங்கினேன்.

முதல் கடையில் விளையாட்டுக்கென்று தயாரிக்கப்படும் மடிக்கணினியைக் காட்டி, இயந்திரவியல் என்றால் இதுதான் வேண்டும் என்றார்கள். விலை 78,000 ரூபாய். எடை 2.3 கிலோ என்று பெட்டியில் போட்டிருந்தது; சார்ஜரைத் தூக்கிப் பார்த்தால் அதுவே அரைச் செங்கல் கனம் இருந்தது. இரண்டாவது கடையில் ‘ரைசன் 5, ஏழாயிர வரிசை, 16 ஜிபி ரேம்’ என்று சொல்லி 44,000 ரூபாய்க்கு மெலிதான ஒன்றைக் காட்டினார்கள். ஐ5க்குச் சமமான செயலிதான், வீணாக முப்பதாயிரம் அதிகம் கொடுக்காதீர்கள் என்றும் சொன்னார்கள். இதற்கிடையில் சென்னையில் வேலை பார்க்கும் என் மைத்துனர் மகன், யாரோ பயன்படுத்திய எம்1 மேக்புக் ஏர் ஒன்று கிடைக்கிறது, நாள் முழுவதும் சார்ஜ் நிற்கும், அதையே வாங்கிவிடலாம் மாமா என்கிறான்.

சீட்டு எடுத்த பணம் 65,000 ரூபாய் கையில் இருக்கிறது. விடுதிக் கட்டணமும் கட்ட வேண்டியிருப்பதால் அதற்கு மேல் தவணையில் போக எனக்கு விருப்பமில்லை. இயந்திரவியல் மாணவிக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு உண்மையிலேயே வேண்டுமா? ரேம் ஒரே அளவாக இருக்கும்போது, 44,000க்கும் 78,000க்கும் நடுவில் உள்ள வித்தியாசம் எதற்கான விலை? சேரும் நாளிலேயே மடிக்கணினி கையில் இருந்தாக வேண்டுமா? தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நான்காமாண்டு மாணவி

வணக்கம் ஐயா. நானும் கோயம்புத்தூரில்தான் இயந்திரவியல் இறுதியாண்டு படிக்கிறேன். உங்களிடம் முதல் கடையில் காட்டிய வகையைச் சேர்ந்த மடிக்கணினியைத்தான் என் அப்பா கடன் வாங்கி எனக்கு வாங்கித் தந்தார். அதை மூன்று ஆண்டுகள் வைத்திருந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

நான் படிக்கும் அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப் பாடத்திட்டத்தில் முதல் பருவத்தில் பைத்தான் நிரலாக்கம் வரும்; அதற்கு எந்தக் கணினியும் போதும். இரண்டாம் பருவத்தில் வரும் பொறியியல் வரைகலையைத் தாளில், டிராஃப்டர் வைத்துக் கையால்தான் வரைந்தோம். கணினியில் இயந்திர வரைபடம் போடுவது மூன்றாம் பருவத்தில்தான் தொடங்கியது. ஆகவே முதல் ஓராண்டு என் மடிக்கணினியின் கிராபிக்ஸ் கார்டு, விடுதியில் தோழிகளோடு படம் பார்க்கத்தான் பயன்பட்டது. அந்த வேலைக்கு அது தேவையே இல்லை என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் பருவத்துக்குப் பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. சாலிட்ஒர்க்ஸ் என்ற முப்பரிமாண வரைபட மென்பொருளில் நாங்கள் வரைந்தவை பெரும்பாலும் தனி உறுப்புகளும், ஐம்பதுக்கு உட்பட்ட உறுப்புகளைக் கோத்த தொகுப்புகளும்தான். ஸ்குரூ ஜாக், பிளம்மர் பிளாக், லேத்தின் டெயில்ஸ்டாக் போன்றவற்றை நினைத்துக்கொள்ளுங்கள். இவற்றைச் செயலியோடு சேர்ந்தே வரும் உள்ளிணைந்த கிராபிக்ஸ் தடையில்லாமல் காட்டிவிடும். என் அறைத்தோழியிடம் கிராபிக்ஸ் கார்டு இல்லாத, 16 ஜிபி ரேம் உள்ள சாதாரண மடிக்கணினிதான் இருக்கிறது. வண்டிச் சட்டகம் ஒன்றின் வலுவைக் கணக்கிடும் திட்டப்பணியை அவள் அதிலேயே ஆன்சிஸ் என்ற கணக்கீட்டு மென்பொருளில் செய்து முடித்தாள். மாணவர்களுக்கு இலவசமாகத் தரப்படும் ஆன்சிஸ் பதிப்பு, கட்டமைப்புக் கணக்குகளில் 1,28,000 கணுக்களுக்கு, அதாவது பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும்போது அவை சந்திக்கும் புள்ளிகளுக்கு, மேல் ஏற்றுக்கொள்வதில்லை. பெரும்பாலான மாணவர்களின் கணக்கை முதலில் தடுத்து நிறுத்துவது அந்த வரம்புதான். மடிக்கணினியின் வலுக்குறைவு அதற்குப் பிறகுதான் தெரியவரும்.

தனி கிராபிக்ஸ் கார்டு யாருக்கு உதவும் என்றால், பந்தய வண்டி கட்டும் மாணவர் குழுவில் சேர்ந்து ஆயிரக்கணக்கான உறுப்புகள் கொண்ட தொகுப்பைத் திறப்பவர்களுக்கும், வரைந்ததை ஒளிப்படம்போல் மெருகூட்டிக் காட்ட விரும்புபவர்களுக்கும், விளையாடுபவர்களுக்கும் உதவும். அந்தக் குழுவில் சேருவோமா என்பது முதலாண்டில் யாருக்கும் தெரியாது. சேர்ந்தாலும் குழுவிற்கென்று ஒரு நல்ல கணினி எங்கள் கல்லூரியில் இருக்கிறது.

எடையைப் பற்றி நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். சார்ஜரோடு சேர்த்து ஏறத்தாழ மூன்று கிலோவைத் தினமும் விடுதிக்கும் வகுப்புக்கும் இடையில் சுமக்க முடியாமல், இரண்டாம் மாதத்திலேயே அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். சார்ஜும் மூன்று மணி நேரம்தான் நிற்கும். எங்கள் வகுப்பறையில் மின்செருகி இருப்பது கடைசி வரிசைக்குப் பின்னால் இரண்டே இடங்களில்.

மேக்புக்கை மட்டும் இயந்திரவியலுக்கு வாங்கவே வேண்டாம், ஐயா. அது நல்ல கருவிதான். கணினி அறிவியல் படிக்கும் என் தம்பி அதைத்தான் வைத்திருக்கிறான். ஆனால் சாலிட்ஒர்க்ஸ், கேட்டியா, கிரியோ ஆகிய மூன்று வரைபட மென்பொருள்களுக்கும் மேக் பதிப்பு கிடையாது. எம்1 முதலான ஆப்பிள் செயலிகள் வந்த பிறகு, பழைய மேக்குகளில் செய்ததுபோல் விண்டோஸைத் தனியாக நிறுவிக்கொள்ளும் வழியும் இல்லாமல் போய்விட்டது.

இன்னொன்று: எதை வாங்கினாலும் நடுவில் சக்கரம் உள்ள சுட்டி ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். தொடுபலகையை வைத்துக்கொண்டு முப்பரிமாண வரைபடத்தைத் திருப்பிப் பார்க்க முயன்றால் மகள் அழுதுவிடுவாள்.

ரிச்சி தெரு பழுதுபார்ப்பவன்

அண்ணாச்சி, எனக்கும் ஊர் உங்கள் பக்கம்தான். பதினான்கு ஆண்டுகளாகச் சென்னை ரிச்சி தெருவில் மடிக்கணினி பழுதுபார்க்கிறேன். மேலே தங்கை சொன்னது அத்தனையும் சரி. கடைக்காரர் சொல்லும் பெயரை எப்படிப் படிப்பது என்பதை நான் சொல்கிறேன். நீங்கள் கேட்ட வித்தியாசம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

‘ரைசன் 5, ஏழாயிர வரிசை’ என்பது பாதிப் பெயர்தான். முழு எண்ணைக் கேளுங்கள். அந்த விலையில் அது பெரும்பாலும் 7520யூ ஆக இருக்கும். ஏ.எம்.டி. நிறுவனம் ஏழாயிர வரிசைக்கென்று ஓர் எண் முறையை வைத்திருந்தது. முதல் இலக்கம் ஆண்டைக் குறிக்கும். மூன்றாவது இலக்கம் செயலியின் உள்கட்டமைப்பு எந்தத் தலைமுறை என்பதைக் குறிக்கும். 7520 என்பதில் மூன்றாவதாக இருப்பது 2. அதாவது 2019இல் வந்த ஜென் 2 கட்டமைப்பு, நான்கே கருக்கள் (செயலிக்குள் கணக்குப் போடும் தனித்தனிப் பகுதிகள்). 7530யூ, 7535எச்எஸ் என்பவற்றில் மூன்றாவது இலக்கம் 3. 7640எச்எஸ் என்பதில் 4. எண்ணைப் பார்த்தால் 7520க்கும் 7530க்கும் பத்துதான் வித்தியாசம். உள்ளே இருப்பதோ ஒரு தலைமுறை வித்தியாசம். கருக்களும் நான்கிலிருந்து ஆறாகின்றன. இந்த எண் முறை எட்டாயிர வரிசைக்குப் பிறகு வந்த ரைசன்களுக்குப் பொருந்தாது, ஏனென்றால் அவர்கள் பெயர் வைக்கும் முறையையே மறுபடி மாற்றிவிட்டார்கள்.

இன்டெலில் முன்னால் இருக்கும் ஐ5, ஐ7 என்பதை விட, கடைசியில் இருக்கும் எழுத்துதான் முக்கியம். யூ என்றால் குறைந்த மின்சாரத்தில் ஓடுவது, எச் என்றால் கூடுதல் மின்சாரம் எடுத்துக் கூடுதல் வேலை செய்வது. உங்கள் கல்லூரித் தாள் ஐ7 கேட்கிறது அல்லவா? 12ஆம் தலைமுறையில் ஐ7-1255யூ என்று ஒன்று இருக்கிறது. அதில் பெரிய கருக்கள் இரண்டுதான், மற்ற எட்டும் சிறியவை. அதே தலைமுறையின் ஐ5-12450எச் என்பதில் பெரிய கருக்கள் நான்கு, சிறியவை நான்கு. பத்து நிமிடம் தொடர்ந்து கணக்குப் போடச் சொன்னால் அந்த ஐ5 இந்த ஐ7ஐ முந்திவிடும். சட்டையில் ஒட்டிய பெயரைப் பார்த்து ஐ7 வாங்குபவர்கள் பலர் கூடுதல் விலை கொடுத்துக் குறைந்ததை எடுத்துப் போகிறார்கள். கடைக்காரர் எல்லா நேரமும் ஏமாற்றுகிறார் என்றும் சொல்லமாட்டேன். பாதிப் பேருக்கு இது தெரியவே தெரியாது.

இப்போது ஸ்னாப்டிராகன் செயலி உள்ள விண்டோஸ் மடிக்கணினிகளும் கடைகளில் காட்டப்படுகின்றன. மெலிதாக இருக்கும், சார்ஜ் நன்றாக நிற்கும். ஆனால் வரைபட மென்பொருள்கள் இன்டெல், ஏ.எம்.டி. வகைச் செயலிகளுக்காக எழுதப்பட்டவை. அவற்றை இதில் மொழிமாற்றம் செய்துதான் ஓட்ட வேண்டும். அப்படி ஓட்டும்போது எது இடறும் என்று யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள். உங்கள் மகளின் படிப்புக்கு அதைத் தவிருங்கள்.

அடுத்தது ரேம், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் வேலையைக் கணினி வைத்துக்கொள்ளும் நினைவகம். எட்டு ஜிபியோடு வாங்குங்கள், தேவைப்படும்போது இன்னொரு எட்டைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று வருகிறவர்களிடமெல்லாம் நான் சொல்லிவந்தேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. நினைவகச் சில்லு செய்யும் நிறுவனங்கள் செயற்கை நுண்ணறிவுச் சர்வர்களின் பக்கம் திரும்பிவிட்டதால், 2025 இறுதியிலிருந்து ரேம் விலை கண்டபடி ஏறிவிட்டது. வாங்கும்போதே 16 ஜிபியாக எடுத்துவிடுங்கள். ஆனால் அந்தப் பதினாறும் கணினியின் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டதா, செருகியில் இருப்பதா என்று கேட்க மறக்காதீர்கள். 7520யூ செயலி உள்ளவற்றில் ரேம் பற்றவைத்தே வரும். அதில் ரேம் போய்விட்டால், அந்தச் சில்லை மட்டும் எடுத்து மாற்றும் ஆள் கிடைக்காவிட்டால் முழுப் பலகையையும் மாற்ற வேண்டியதுதான். கடையில் ஓடிக்கொண்டிருக்கும் காட்சிக் கணினியிலேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து, செயல்திறன் பக்கத்தில் நினைவகத்தைச் சொடுக்கினால், இரண்டு செருகிகளில் ஒன்று பயன்பாட்டில் உள்ளது என்பதுபோல் காட்டும். ஒரே துண்டாக 16 இருப்பதைவிட, எட்டும் எட்டுமாக இரண்டு துண்டுகள் இருந்தால், கிராபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினியில் படம் இன்னும் சரளமாக ஓடும். உள்ளிணைந்த கிராபிக்ஸ் தனக்கென்று நினைவகம் இல்லாமல் இதே ரேமைப் பங்கு போட்டுக்கொள்வதுதான் காரணம்.

கோப்புகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. 512 ஜிபி போதும். வீட்டுக்குப் போய்த் திறந்து பார்த்தால் 476 என்று காட்டும். உடனே பில்லைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடாதீர்கள். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்கிக் கணக்குப் போடுகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுத்துக் காட்டுகிறது. இதற்காக என் கடை வாசலில் நடந்த சண்டைகளுக்கு அளவில்லை.

திரையைப் பொறுத்தவரை ஐ.பி.எஸ். வகையா என்று மட்டும் பாருங்கள். கடையில் நின்றபடி பக்கவாட்டிலிருந்து பார்த்தால், வகை குறைந்த திரையில் நிறம் வெளிறிப் போவது யாருக்கும் தெரியும்.

கடைசியாக, விடுதி மாணவர்களிடமிருந்து என்னிடம் அதிகம் வரும் பழுதைச் சொல்கிறேன். அது செயலியும் இல்லை, ரேமும் இல்லை, கீல். திரையைத் தாங்கும் இரும்புக் கீலை உடலோடு இணைக்கும் திருகுகள், பிளாஸ்டிக்கில் பதித்த சின்னப் பித்தளைக் குழாய்களுக்குள்தான் இறங்குகின்றன. திரையின் ஒரு மூலையை மட்டும் பிடித்துத் தினமும் திறந்தால், ஒரு பக்கம் மட்டும் இழுவை ஏறி, அந்தப் பிளாஸ்டிக் குமிழ் வெடித்துப் பித்தளை கையோடு வந்துவிடும். நிறுவனத்தின் சேவை மையத்தில் அதைக் கைப்பிழையாகக் கருதி வாரண்டியில் சேர்ப்பதில்லை. கடையில் பார்க்கும்போதே திரையைப் பாதி திறந்து, நடுவில் ஒரு விரலால் மெதுவாக அசைத்துப் பாருங்கள். உடல் நெளியாமல் கீல் மட்டும் திரும்பினால் நல்லது. மகளிடமும் நடுவில் பிடித்துத் திறக்கச் சொல்லுங்கள். திரையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது என்றும் சொல்லுங்கள்.

பழைய பொருள் பிரியர்

எல்லாரும் புதியதை மட்டுமே பேசுகிறீர்கள். பெரிய அலுவலகங்கள் மூன்று நான்கு ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுக் கழிக்கும் திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் போன்றவை 25,000 ரூபாயிலிருந்து கிடைக்கின்றன. அவற்றின் கீலும் விசைப்பலகையும் இன்றைய ஐம்பதாயிரம் ரூபாய் மடிக்கணினியை விட உறுதியானவை. முதலாண்டில் வேலையே இல்லை என்று அந்த மாணவியே சொல்கிறார். ஆகவே இப்போது ஒன்றும் வாங்காமல், ஆய்வகக் கணினியில் ஓராண்டை ஓட்டிவிட்டு, இரண்டாம் ஆண்டில் தேவை தெரிந்த பிறகு வாங்குவதே அறிவுடைமை என்பேன். அதுவரை பொறுக்க முடியாதென்றால் பழையதை வாங்குங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11 ஏற்கும் எட்டாம் தலைமுறை இன்டெலுக்குக் குறையாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிச்சி தெரு பழுதுபார்ப்பவன்

எனக்குப் பிழைப்பே பழைய கணினிதான், ஆகவே அண்ணன் சொல்வதை மறுக்க மாட்டேன். ஆனால் பழையதை வாங்குபவர் பேட்டரியின் மிச்ச ஆயுளைப் பார்க்கத் தெரிந்தவராகவோ, தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போகக்கூடியவராகவோ இருக்க வேண்டும். விற்ற கடை திருநெல்வேலியிலும் வாங்கிய பிள்ளை கோயம்புத்தூர் விடுதியிலும் இருந்தால், மூன்று மாதக் கடை வாரண்டியை வைத்துக்கொண்டு யார் அலைவது? அண்ணாச்சிக்கு அது ஒத்துவராது.

பேராசிரியை, இயந்திரவியல்

பொறியியல் கல்லூரி ஒன்றில் பதினொரு ஆண்டுகளாக வரைபட ஆய்வகத்தைக் கவனித்துவருகிறேன். இரண்டு செய்திகளைச் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

சேர்க்கைக் கடிதத்தோடு வரும் அந்த ஒற்றை வரியை யார் எழுதுகிறார்கள் என்பது பெற்றோருக்குத் தெரிவதில்லை. பெரும்பாலும் அது சேர்க்கை அலுவலகத்தில், சில ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு துறை கொடுத்த குறிப்பிலிருந்து எடுத்து ஒட்டப்பட்டதாக இருக்கும். எங்கள் துறையைக் கேட்டால் நாங்கள் ஐ7 என்று சொல்லியிருக்கவே மாட்டோம். ஆகவே கல்லூரியின் பொது எண்ணை விட்டுவிட்டு, துறை அலுவலகத்தை அழைத்து, வரைபட ஆய்வகப் பொறுப்பாளரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். அவரிடம் மூன்றை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்: நான்கு ஆண்டுகளில் எந்தெந்த மென்பொருள்கள் கற்பிக்கப்படுகின்றன, அவற்றின் உரிமம் மாணவர்களின் சொந்தக் கணினிக்கும் தரப்படுமா, தரப்படாவிட்டால் ஆய்வகம் மாலையில் எத்தனை மணி வரை திறந்திருக்கும். தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுப்பதால், மேலே மாணவி சொன்ன பருவக் கணக்கு உங்கள் மகளின் கல்லூரியில் முன்பின்னாக இருக்கலாம் என்பதாலும் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

உரிமத்தைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆட்டோகேட், ஃபியூஷன் போன்றவற்றை ஆட்டோடெஸ்க் நிறுவனம் மாணவர்களுக்கு இலவசமாகவே தருகிறது; கல்லூரி அடையாளத்தைக் காட்டி ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இது தெரியாமல், விடுதியில் மூத்த மாணவர் ஒருவரின் பென் டிரைவிலிருந்து திருட்டுப் பதிப்பை ஏற்றிக்கொண்டு, அதோடு வைரஸையும் ஏற்றிக்கொண்டு, தேர்வுக்கு முந்தைய வாரம் எங்களிடம் வந்து நிற்கும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

இரண்டாவது, ஓராண்டு கழித்து வாங்கலாம் என்ற கருத்தைப் பற்றியது. பணக் கணக்கில் அது சரிதான்; பத்தாண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் பெற்றோரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் என் ஆய்வகத்தில் முதல் பருவத்தில் தடுமாறும் மாணவர்களைக் கவனித்தபோது, அவர்களில் பெரும்பாலானோருக்குப் பைத்தான் புரியாதது காரணமாக இருக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்புவரை வீட்டில் கணினி இல்லாததால், கோப்பை எங்கே சேமித்தோம் என்பதைக் கண்டுபிடிப்பதிலும், அடைப்புக்குறி விசையைத் தேடுவதிலும் அவர்களுக்கு ஆய்வக நேரம் கரைந்துவிடுகிறது. பக்கத்து இருக்கையில் இருப்பவர் நகரத்துப் பள்ளியிலிருந்து வந்து தடதடவென்று அடிப்பதைப் பார்த்ததும், தனக்கு இது வராது என்று அந்தப் பிள்ளை முடிவுகட்டிவிடுகிறது. இரவில் விடுதி அறையில், யாரும் பார்க்காத நேரத்தில், தப்பும் தவறுமாகத் தட்டிப் பழக ஒரு கணினி இருந்தால் இரண்டே மாதங்களில் இந்த வேறுபாடு மறைந்துவிடும். உங்கள் வீட்டில் கணினி இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் முதலாண்டிலேயே வாங்கிக்கொடுங்கள். ஆனால் சேரும் நாளிலேயே வேண்டியதில்லை, துறையில் பேசிவிட்டு முதல் மாதத்துக்குள் வாங்கினால் போதும்.

அரசுக் கல்லூரிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் பெற்றோர் யாரேனும் இதைப் படித்தால் அவர்களுக்காக ஒரு சொல். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் சில ஆண்டுகள் நின்றுபோயிருந்த பிறகு, 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று தமிழ்நாட்டின் 2025-26 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. கடனில் வாங்குவதற்கு முன் உங்கள் பிள்ளையின் பெயர் அந்தப் பட்டியலில் வருமா என்று கல்லூரி அலுவலகத்தில் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

வாங்கிய அன்று செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இப்போது வரும் விண்டோஸ் 11 மடிக்கணினிகள், மைக்ரோசாஃப்ட் கணக்கை வைத்து நுழைந்ததும் வட்டினைத் தானாகவே குறியாக்கம் செய்து, சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிவிடுகின்றன. அதை மீட்கும் 48 இலக்கச் சாவி அந்தக் கணக்கில்தான் சேமிக்கப்படுகிறது. கடைக்காரர் அவசரத்துக்குத் தன் மின்னஞ்சலைக் கொடுத்துத் தொடங்கி வைத்துவிட்டால், பின்னால் ஒரு நாள் கணினி அந்தச் சாவியைக் கேட்கும்போது மகளிடம் அது இருக்காது. உள்ளே இருக்கும் பாடக்குறிப்புகள் அத்தனையும் போய்விடும். மகளின் சொந்த மின்னஞ்சலில், அவள் கையாலேயே தொடங்கச் சொல்லுங்கள். சாவியை ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோவில்பட்டிக்காரர்

எல்லாருக்கும் நன்றி. அம்மா கேட்டதற்குப் பதில்: வீட்டில் கணினி இல்லை, அவள் பள்ளியில் வாரம் ஒரு நாள் தொட்டிருப்பாள், அவ்வளவுதான்.

துறை அலுவலகத்துக்கு மூன்று முறை அழைத்து, நேற்று ஆய்வகப் பொறுப்பாளரிடம் பேசிவிட்டேன். விண்டோஸ் இருக்க வேண்டும், ரேம் 16 ஜிபி இருக்க வேண்டும், மற்றது உங்கள் விருப்பம் என்றார். ஐ7 என்று தாளில் இருக்கிறதே என்று கேட்டதற்கு, எந்தத் தாள் என்று அவர் என்னிடமே திருப்பிக் கேட்டார். சாலிட்ஒர்க்ஸ் ஆய்வகத்தில் இரவு எட்டு மணி வரை கிடைக்குமாம்.

இன்று மகளையும் அழைத்துக்கொண்டு அதே இரண்டாவது கடைக்குப் போனேன். முழு எண்ணைக் கேட்டதும் கடைப் பையன் பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். தம்பி சொன்னதுபோலவே 7520யூ. ரேம் பற்றவைத்ததா என்று கேட்டேன், அவன் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து ஆமாம் என்றான். பிறகு முதல் கடைக்குப் போய், கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் எச் என்று முடியும் செயலி வேண்டும் என்றேன். ஐ5-13420எச், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்.எஸ்.டி., எடை 1.7 கிலோ, விலை 61,500 ரூபாய் என்று ஒன்றைக் காட்டினார்கள். காட்சிக் கணினியில் மகளே டாஸ்க் மேனேஜரைத் திறந்து செருகிகள் இரண்டு இருப்பதைப் பார்த்துச் சொன்னாள். கீலையும் அசைத்துப் பார்த்தோம். முன்பணம் 2,000 கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை எடுக்கப் போகிறோம்.

மீதி 3,500 ரூபாய் இருக்கிறது. சக்கரச் சுட்டிக்கும் பைக்கும் போக, விபத்துச் சேதக் காப்பு என்று ஒன்றைக் கடையில் 2,200 ரூபாய்க்குச் சொல்கிறார்கள். ஓராண்டு வாரண்டி ஏற்கெனவே இருக்கும்போது அது தேவையா?

ரிச்சி தெரு பழுதுபார்ப்பவன்

எடுங்கள் அண்ணாச்சி. வாரண்டி தயாரிப்புக் குறைக்குத்தான். தண்ணீர் கொட்டினாலும் கட்டிலிலிருந்து விழுந்தாலும் அது உதவாது, விடுதியில் நடப்பதோ அந்த இரண்டும்தான். ஆனால் மடிக்கணினி நிறுவனமே தரும் காப்பா, கடை சேர்த்து விற்கும் வேறொருவருடைய காப்பா என்று கேளுங்கள். நிறுவனத்தினுடையதாக இருந்தால் மட்டும் எடுங்கள். கோயம்புத்தூர் சேவை மையத்திலேயே கொடுத்து வாங்க முடியுமா, கீல் உடைந்தால் அதில் சேருமா என்ற இரண்டுக்கும் பதிலைப் பில்லின் பின்பக்கத்தில் எழுதி முத்திரை வைத்துத் தரச் சொல்லுங்கள். பில் மகளின் பெயரில் இருக்கட்டும்.